எடுத்தலும் வைத்தலும்

ஆகாரம், ஔஷதம், சாஸ்திரம், அபயம் என்னும் நால்வகைத் தானங்களுள் அபயதானத்தை நம் முன்னோர் தலையாயதாகப் போற்றி வந்துள்ளனர். உயிருக்கு அஞ்சி நிற்கும் ஒன்றுக்கு அவ்வச்சத்தை நீக்குவதைக் காட்டிலும் பெரிய கொடை யாது? இவ்வெண்ணத்தால்தான் மகாவீரர் ஜெயந்தியன்று பறவையையோ ஆட்டையோ மீனையோ விலைகொடுத்து மீட்டு விடுவிக்கும் வழக்கம் நம்மவரிடையே பல ஊர்களில் நிலவுகிறது. வந்தவாசி, ஆரணி, திண்டிவனம் பக்கத்துச் சிற்றூர்களை விட்டுச் சிப்காட் தொழிற்பேட்டையை நம்பி ஓசூருக்கு வந்து சேர்ந்த நாம் சில குடும்பத்தார் கூடியும் இதனைச் செய்து வந்தோம். அருகில் ஜினாலயம் இல்லாத ஊரில் பிள்ளைகளுக்குக் கொல்லாமையைக் கண்ணெதிரே காட்ட வேறு வழி நமக்குத் தோன்றவில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு அவ்வாறு செய்த ஒரு நாளைப் பற்றியே ஈண்டு எழுத முற்படுகிறோம்.

அன்று விடியலில் ஊரை அடுத்த ஓர் ஏரியின் குத்தகைதாரரிடம், வலையில் அப்போதுதான் விழுந்த ரோகுவும் மிருகாலும் ஜிலேபிக் கெண்டையுமாக நாற்பதுக்கு மேற்பட்ட மீன்களை வாங்கினோம். வீட்டிலிருந்து கொண்டுபோயிருந்த பிளாஸ்டிக் பீப்பாய்கள் இரண்டில் குழாய்த் தண்ணீர் நிறைந்திருந்தது. அவற்றில் மீன்களை இட்டு ஆட்டோவில் ஏற்றி, அனைவரும் கூடியிருந்த இடத்திற்குக் கொண்டு வந்தோம். ஸ்தோத்திரம் சொல்லி முடிய ஒரு மணி நேரம் ஆயிற்று. சிறுவர்கள் ஒவ்வொருவரும் ஒரு மீனைக் கையில் ஏந்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டனர். வெயில் ஏறியபின் மீண்டும் ஏரிக்குச் சென்று, கரையின் மேல் நின்றபடியே ஒவ்வொன்றாக வீசினோம். ஒவ்வொரு மீனும் நீரில் விழும்போது பிள்ளைகள் கைதட்டினர். மனநிறைவோடு வீடு திரும்பினோம்.

மறுநாள் காலை அவ்வழியே நடந்து சென்றபோது, கரையோரத்தில் அவை வயிறு மேலாக வெளுத்து மிதக்கக் கண்டோம். எண்ணிப் பார்க்க மனம் வரவில்லை. பாதிக்கு மேல் இருக்கும். வலைக்காரர் ஒருவர் அவற்றைக் கூடையில் அள்ளிக்கொண்டிருந்தார். முதல்நாள் நமக்கு மீன் கொடுத்தவர்களுள் அவரும் ஒருவர். தெலுங்கு கலந்த தமிழில் அவர் சொன்னதன் சாரம் இது: "ஐயா, சாகத்தான் வேண்டும் என்றால் நாங்களே விற்றிருப்போமே. இத்தனை பேர் தூக்கிப் பார்த்தால் மீன் எப்படிப் பிழைக்கும்?" அவர் நம்மைப் பழித்துச் சொல்லவில்லை. வியப்போடுதான் கேட்டார். அது இன்னும் உறுத்தியது.

அன்று மாலை நம் குடும்பங்களுக்குள் வாதம் எழுந்தது. நம் பாவம் தூயது, கொல்லும் எண்ணம் நமக்கு இல்லை, ஆகவே வினை நம்மைச் சேராது என்றார் ஒருவர். ஏற்கத்தக்கதாகவே தோன்றியது, ஆறுதலாகவும் இருந்தது. ஆயினும் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறும் உமாசுவாமிகள் கவனமின்மையை அவ்விலக்கணத்தின் வாயிலிலேயே நிறுத்தியிருப்பதை வேறொருவர் நினைவூட்டினார். பொன்னூர் மலையோடு நாம் சேர்த்து வணங்கும் குந்தகுந்த ஆசாரியர் பிரவசனசாரத்தில் இன்னும் கடுமையாகப் பேசுகிறார். விழிப்பின்றி நடப்பவனுக்கு, எதிரிலுள்ள உயிர் இறந்தாலும் பிழைத்தாலும், இம்சை உறுதி என்பது அவர் கொள்கை. விழிப்போடு நடப்பவனுக்கு, தன்னை மீறி ஓர் உயிர் அழிந்தபோதும் அந்தப் பந்தம் இல்லை.

இதனை அந்த ஏரிக்கரையில் பொருத்திப் பார்த்தால் என்ன ஆகும்? செத்து மிதந்த மீன்களுக்கு மட்டுமன்றி, எப்படியோ பிழைத்து ஆழத்திற்குப் போன மீன்களுக்கும் நாம் பொறுப்பாளிகள் ஆகிறோம். அவை பிழைத்தது நம்மால் அன்று. தெரியாமல் செய்தோம் என்னும் வாதமும் நெடுந்தூரம் செல்லாது. வலைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நாம் கேட்கவில்லை, தயை செய்பவனுக்குக் கொலைத்தொழில் செய்பவனிடம் கற்பதற்கு என்ன இருக்கிறது என்னும் செருக்கு உள்ளே இருந்திருக்க வேண்டும்.

முனிவர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஆதான நிக்ஷேபண சமிதி ஒன்று. ஒரு பொருளை எடுக்கும்போதும் வைக்கும்போதும் நோக்கி, மயிற்பீலியால் மெல்ல நீக்கி, ஓருயிரும் நலியாதவாறு செய்தல் அதன் பொருள். கமண்டலத்தைத் தரையில் வைப்பதற்கே இத்தனை காவல் வகுத்த மரபில் வந்த நாம், உயிருள்ள மீனையே எடுத்து வைக்கும்போது எதை நோக்கினோம்? இல்லறத்தார்க்கு முனிவரின் முழு ஒழுக்கம் விதிக்கப்படவில்லை என்பது உண்மையே. ஆனால் அதன் சிறுபகுதியேனும் நம் கைக்கு வந்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் மீனின் உடலைப் பற்றி வலைக்காரரிடமும் நூல்களிலும் கேட்டும் படித்தும் அறியத் தொடங்கினோம்.

மீனின் மேனியில் நம் விரலுக்கு வழுக்கலாகத் தெரிவது அதன் கவசம். செதிலுக்கு மேலே படர்ந்துள்ள அந்த வழுவழுப்புப் படலமே நீரிலுள்ள பூசணத்தையும் நுண்கிருமிகளையும் உள்ளே விடாமல் தடுக்கிறது. உலர்ந்த கையாலோ துணியாலோ பற்றினால் அது உரிந்துபோகிறது. மீன் அப்போது சாவதில்லை. துள்ளி ஓடவும் செய்யும். சில நாள் கழித்து, உரிந்த இடத்தில் பஞ்சு போல் பூசணம் படர்ந்து, பார்ப்பார் இன்றிச் சாகும். நம் பிள்ளைகள் கைதட்டியது இந்த ஓட்டத்திற்குத்தான். ஆகவே கையை முதலில் அந்த நீரிலேயே நனைத்துக்கொள்ள வேண்டும். கூடுமானால் கையாலேயே தொடாமல், நனைத்த மெல்லிய வலையிலோ நீரோடு கூடிய பாத்திரத்திலோ ஏந்த வேண்டும். செவுள் மூடிக்குள் விரலை விடுவதும், வாலைப் பற்றித் தலைகீழாகத் தூக்குவதும் கூடா. அதன் உள்ளுறுப்புகள் நீர் தாங்குவதற்கென அமைந்தவை, காற்றில் தொங்குவதற்கு அமைந்தவை அல்ல. ஒரு கை வயிற்றின் கீழும் மறுகை வாலின் அடிப்பகுதியிலுமாகக் கிடைமட்டமாகத் தாங்குவதே முறை.

நீரைவிட்டு வெளியே இருக்கும் நேரத்தைப் பற்றி நாம் படித்தது நம்மை மிகவும் கலக்கியது. செவுளின் மெல்லிய இதழ்கள் நீரில் விரிந்து நிற்பவை. காற்றில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. 1992-இல் கனடா நாட்டு ஆய்வாளர் இருவர் டிரவுட் என்னும் குளிர்நீர் மீன் வகையில் ஓர் ஆய்வு செய்து வெளியிட்டனர். துரத்திக் களைப்பூட்டப்பட்டு, நீரிலேயே இருந்த மீன்களுள் 12 மணி நேரம் கழித்து நூற்றுக்கு 88 பிழைத்திருந்தன. அதே களைப்போடு 30 நொடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 62 பிழைத்தன. 60 நொடி வைக்கப்பட்டவற்றுள் பிழைத்தவை 28 மட்டுமே. (இவ்வாய்வே ஓர் இம்சை அன்றோ என்று வாசகர் கேட்கலாம். ஆம். அதனைச் செய்யச் சொல்லி நாம் கேட்டிருக்க மாட்டோம். ஆனால் அறிந்தபின் அறியாதவர்போல் நடிப்பதால் அந்த மீன்களுக்கு ஆவது ஒன்றுமில்லை.) நம் கெண்டை வகைகள் டிரவுட்டைவிட வலியவைதாம். எனினும் ஒரு புகைப்படத்திற்கு ஒரு நிமிடம் எளிதில் கடந்துவிடும்.

பீப்பாய்த் தண்ணீரும் ஒரு பிழை. ஓகேனக்கல் கூட்டுத் திட்டத்தின் வழியாகவோ வேறு வகையிலோ நம் வீட்டுக் குழாயில் வருவது நாம் குடிப்பதற்காகக் குளோரின் கலந்து தூய்மை செய்த நீர். அக்குளோரின் மீனின் செவுளைச் சுடும். ஏரி நீருக்கும் குழாய் நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாடும் திடீரெனத் தாக்கும். மேலும், நீர் சூடேறச் சூடேற அதில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைகிறது. 20 பாகை செல்சியஸில் லிட்டருக்கு ஏறத்தாழ 9 மில்லிகிராம் கரையும் நீரில் 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராமே கரையும். இரண்டு பீப்பாயில் நாற்பது மீன், பங்குனி வெயில், ஒரு மணி நேரம். ஜெயந்தி வருவதோ ஏரிகள் வற்றிச் சூடேறும் காலத்தில். பண்டிகை நாளை நாம் மாற்ற இயலாது. ஆனால் மீனை விடுவிப்பதற்கு மழை பெய்து நீர் நிறைந்த தசலக்ஷண பர்வ காலம் ஏற்றதன்றோ என்று ஒருவர் கேட்டார். அக்கேள்வி நியாயமானதாகவே நமக்குப் படுகிறது.

இந்த நுணுக்கங்களையெல்லாம் உலகில் மிக விரிவாக எழுதி வைத்திருப்பவர்கள் யார் தெரியுமா? பொழுதுபோக்கிற்காகத் தூண்டில் போட்டு, பிடித்த மீனை மீண்டும் விட்டுவிடும் கூட்டத்தார். நமக்கு அது தொலைவிலும் இல்லை. தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டியைக் கடந்து காவிரிக்கு இறங்கினால் மறுகரை கர்நாடகம். அங்கே பீமேசுவரி, காலிபோர், தொட்டமாக்காலி ஆகிய இடங்களில் மகசீர் என்னும் பெருங்கெண்டையைப் பிடித்து, எடை பார்த்து, படம் எடுத்து விடும் முகாம்கள் பல ஆண்டுகள் நடந்தன. கானுயிர்ச் சரணாலயத்துள் அது தகாது என்று பின்னர் நிறுத்தப்பட்டது. இதைக் கேட்டதும் நம்மவர் முகம் சுளிப்பர். விடுவதற்காகவே பிடிப்பதா, இது என்ன விளையாட்டு என்று நாமும் சொன்னோம். சுவிட்சர்லாந்து நாட்டில் விடும் நோக்கத்தோடு மீன் பிடிப்பதையே 2008 முதல் சட்டம் தடுக்கிறது. ஆனால் சற்றே நின்று நோக்கினால், அன்று ஏரியில் நடந்ததற்கும் இதற்கும் எத்தனை தூரம்? அவர்கள் தம் மகிழ்ச்சிக்காகத் தாமே பிடித்து விடுகின்றனர். நாம் நம் புண்ணியத்திற்காகப் பிறரைக்கொண்டு பிடித்து விடுகிறோம். நாம் முன்பணம் கொடுத்திருந்ததால் குத்தகைதாரர் அன்று வழக்கத்தைவிட ஒரு வலை கூடுதலாக வீசினார் என்பது பின்னர் தெரிந்தது. அந்த மீன்கள் நமக்காகவே பிடிக்கப்பட்டவை.

நம் கதைகளுள் மிருகசேனன் என்னும் வலைஞனின் கதையை அறியாதார் குறைவு. வலையில் முதலில் விழும் மீனை விட்டுவிடுவதாக முனிவரிடம் விரதம் ஏற்றான். விட்ட மீனை அடையாளம் காணத் துணித்துண்டு ஒன்றைக் கட்டி விட்டான். அதே மீன் மீண்டும் மீண்டும் வலையில் விழ, ஐந்து முறையும் விட்டுவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்பினான். மறுபிறப்பில் ஐந்து முறை அவன் சாவிலிருந்து தப்பினான் என்று கதை செல்லும். இக்கதையைச் சிறுவயது முதல் கேட்டிருந்தும், ஒரு செய்தி இந்நிகழ்ச்சிக்குப் பின்பே நமக்குப் புலப்பட்டது. ஐந்து முறை வலைப்பட்டும், துணி கட்டப்பட்டும் அந்த மீன் சாகவில்லை. அந்த வலைஞனின் கைக்கு மீனைப் பற்றத் தெரிந்திருந்தது. நூல்கள் அதைச் சொல்லவில்லை; சொல்ல வேண்டிய தேவை அந்நாளில் இருந்திராது.

எந்த மீனை விடுவது என்பது இன்னும் சிக்கலான கேள்வி. சந்தையில் உயிரோடு துடித்துக்கொண்டிருக்கும் மீனைக் கண்டால் நம் உள்ளம் இளகுகிறது. ஆனால் சந்தைவரை உயிரோடு வருபவை பெரும்பாலும் எவை? காற்றையே நேராகச் சுவாசிக்கும் துணை உறுப்பு பெற்ற விராலும் கெளுத்தியும்தான். ரோகுவும் கட்லாவும் வரும் வழியிலேயே உயிர்விட்டு விடுகின்றன. ஆகவே நம் இரக்கம் நம்மை அறியாமலே பிற மீன்களைத் தின்று வாழும் இனங்களைத் தேர்ந்து எடுக்கிறது. அவற்றுள் ஆப்பிரிக்கக் கெளுத்தியை வளர்ப்பதற்கு மத்திய அரசு 2000-ஆம் ஆண்டிலேயே தடை விதித்தது. எனினும் கள்ளத்தனமாக வளர்ப்பவர் ஒழியவில்லை. அதில் ஒன்றை ஏரியில் விட்டால் ஓர் உயிர் பிழைக்கிறது. எத்தனை சிற்றுயிர்கள் அதற்கு இரையாகும் என்பதை யார் கணக்கிடுவார்? தொட்டி கட்டி அதில் வாழ்நாள் முழுதும் காப்போம் என்று நம் இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு முன்வந்தார். அதற்கு வளர்ப்பவர்கள் போடுவது கோழிக்கடைக் கழிவு என்று அறிந்ததும் அவரே அமைதியானார்.

நல்லெண்ணத்தோடு விட்டதே தீங்காய் முடிந்ததற்கு நம் காவிரியே சான்று. குறைந்துவரும் மகசீரைப் பெருக்க வேண்டும் என்று லோனாவாலாவில் பொரிக்கப்பட்ட வேறோர் இன மகசீர்க் குஞ்சுகள் காவிரியில் விடப்பட்டன. காலிபோர் முகாமின் 1998 முதல் 2012 வரையிலான பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், வந்தேறிய இனம் பெருகப் பெருகக் காவிரிக்கே உரிய திமில் மகசீர் அருகியதைக் கண்டனர். 2018-இல் அத்திமில் மகசீர் மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்தில் பிரைட்டன் நகரக் கடலில், 2015-இல், பௌத்த அன்பர்கள் அயல்நாட்டு இறால் இனத்தையும் நண்டையும் வாங்கி விடுவித்தனர். 2017-இல் அவர்களுள் இருவருக்கு நீதிமன்றம் பெருந்தொகை அபராதம் விதித்தது. அவர்களும் நம்மைப் போலவே கைகூப்பித்தான் விட்டிருப்பர்.

இனி நீர். நந்தி மலைப் பகுதியில் தோன்றும் தென்பெண்ணை, பெங்களூரின் வெள்ளந்தூர், வர்த்தூர் ஏரிகளின் கழிவையும் ஏற்றுக்கொண்டு நம் எல்லைக்குள் நுழைகிறது. கெலவரப்பள்ளி அணையின் மதகுகளில் வெண்ணுரை மலைபோல் குவிவதை ஓசூர்வாசிகள் பலமுறை கண்டுள்ளோம். வெள்ளந்தூர் ஏரி 2015-லும் 2017-லும் தீப்பற்றியே எரிந்தது. 2016 மார்ச்சில் பெங்களூர் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கான மீன்கள் செத்து மிதந்தன. இவ்வாற்று நீர்தான் கிருஷ்ணகிரி அணையையும் சாத்தனூரையும் கடந்து, நம் முன்னோரின் பாடலிபுரப் பள்ளி விளங்கிய கடலூரை நோக்கிச் செல்கிறது. இந்நீரில் ஆண்டுக்கு ஒருநாள் நாற்பது மீனை விட்டுவிட்டு, எஞ்சிய நாளெல்லாம் சலவைத்தூள் நுரையை நம் வீட்டுச் சாக்கடை வழியே அனுப்புகிறோம். நமக்குச் சோறிடும் தொழிற்பேட்டையின் கழிவு எங்கே போகிறது என்று நம்மில் எத்தனை பேர் வேலை செய்யும் இடத்தில் ஒருமுறையேனும் கேட்டிருக்கிறோம்? இதனை எழுதும் நாமும் கேட்டதில்லை.

அவ்வாதத்தின் இறுதியில், அதுவரை பேசாதிருந்த எண்பது வயதைக் கடந்த பாட்டியார் ஒருவர், "கிணற்றில் தண்ணீர் வடிகட்டினால் துணியை என்ன செய்வீர்கள்?" என்று வினவினார். இளையவர்களுக்குப் புரியவில்லை. குழாய் வந்தபின் அவ்வழக்கம் பல வீடுகளில் மறைந்துவிட்டது. வடிகட்டிய துணியை வடிகட்டிய நீராலேயே அலசி, அந்த அலசல் நீரை எந்தக் கிணற்றில் மொண்டோமோ அதே கிணற்றில் விடுவது நம் முறை. வேறு கிணற்றில் விடலாகாது. மேலிருந்து ஊற்றவும் கூடாது; கண்ணுக்குத் தெரியாத அந்த உயிர்கள் அதிர்ச்சியில் மாளும். அதற்கென்றே அடியில் ஒரு வளையம் வைத்த வாளி இருந்தது. வளையத்தில் கட்டிய இரண்டாம் கயிற்றைச் சுண்டினால், வாளி நீர்மட்டத்தைத் தொட்டபின் மெல்லக் கவிழும். பாட்டியார் தம் மாமியாரிடம் அதைக் கற்றாராம்.

எந்த நீரிலிருந்து எடுத்தோமோ அந்த நீர். நீர் தொட்டபின் கவிழ்த்தல். கண்ணுக்குப் புலனாகாத உயிர்களுக்கு நம் அடுக்களையில் காத்த இம்முறையை, ஐம்பொறியும் மனமும் உடைய மீனுக்கு நாம் மறந்தோம்.

அதன்பின் நம் வழக்கம் முற்றும் சீராகிவிட்டது என்று சொல்லிக்கொள்ள இயலாது. இருகருத்து இன்னும் உண்டு. மீன் வாங்குவதையே விட்டுவிட வேண்டும், அப்பணத்தைக் கொடுத்து ஜெயந்தியன்றும் பர்வ நாள்களிலும் வலை வீசாதிருக்கச் செய்வதே அபயதானம் என்பர் ஒரு சாரார். சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் மீன்கள் பிடிபடாமலே தலைமுறை தலைமுறையாக வாழ்வதை அவர்கள் எடுத்துக்காட்டுவர். நம் சாய்வும் அப்பக்கமே. குத்தகைதாரர் இரு ஆண்டுகள் அதற்கு இசைந்தார். மூன்றாம் ஆண்டு ஏலத்தில் ஏரி வேறொருவருக்குப் போயிற்று. அவரிடம் இன்னும் பேசி வருகிறோம். மறுசாராரோ, வலையில் விழுந்துவிட்ட மீன் கண்ணெதிரே துடிக்கும்போது தத்துவம் பேசிக்கொண்டு நிற்பதா என்கின்றனர். அதற்கும் நம்மிடம் எளிய விடை இல்லை.

ஆகவே இப்போதைக்கு ஓர் உடன்பாடு உள்ளது. முன்பணம் கொடுப்பதில்லை. சந்தை மீனை வாங்குவதில்லை. கரையில் அன்று தற்செயலாக வலைப்பட்டு, அவ்வேரியிலேயே வாழ்ந்த சிறு மீன்கள் மட்டும். விடியலில் நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பதால், வெயில் கடுக்குமுன் ஒன்பது மணி அளவில். பிள்ளைகள் தொடுவதில்லை, பார்க்கின்றனர். ஸ்தோத்திரம் பின்னர். அன்று கூடையில் அள்ளிய அந்த வலைக்காரரே இடுப்பளவு நீரில் நின்று, வலையிலிருந்து ஏரி நீரோடு மொண்டு கொடுக்கிறார். நம்மவர் ஒருவர் வாளியை வாங்கி, நீரில் அமிழ்த்திச் சாய்த்துப் பிடிக்கிறார். சில மீன்கள் உடனே போகா. வாளிக்குள்ளேயே வாயை அசைத்துக்கொண்டு நிற்கும். உதறக்கூடாது, அதுவாகப் போகும் என்று வலைக்காரர் சொல்லியிருக்கிறார். கடந்த முறை ஒரு மிருகால் ஏறத்தாழ ஐந்து நிமிடம் நின்றது. அந்த வாளி பாட்டியாருடையது. அடி வளையம் துருப்பிடித்திருந்ததால் பித்தளையில் புதிதாக ஒன்று போட்டிருக்கிறோம்.